நாற்றுப் பையில் மூட்டிய புகை

ஈர விறகோடு மல்லுக்கட்டி வளர்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேஸ் அடுப்பைத் திருகினால் நெருப்பு வந்துவிடும் என்று நம்புகிற இளவட்டங்கள் படித்தால் படிக்கட்டும், தடுக்கவில்லை. ஆனால் சின்ன அந்தமான் தீவின் ஹட் பேயில், ஜூன் மாதத்து மழையில், நனைந்த தேங்காய் மட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்தவர்களுக்குத்தான் நான் சொல்லப்போவது முழுசாகப் புரியும். முதலில் ஒரு கேள்வி. உங்களில் எத்தனை பேர் இன்னும் கொல்லையில் வெந்நீர் அடுப்புக்குள் பால் கவரைச் செருகிக் கொளுத்துகிறீர்கள்? பொய் சொல்லாமல் கையைத் தூக்குங்கள். இரண்டு வருஷம் முன்னால் கேட்டிருந்தால் நானும் தூக்கியிருப்பேன், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தப் பெருமை எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் வீட்டில் குப்பைக்கூடை என்று ஒன்று இருந்ததே இல்லை. கழித்துக்கட்ட ஏதாவது மிஞ்சினால்தானே கூடை வேண்டும்? அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கப் போகும். மீன் கழுவிய தண்ணீரும் குடலும் செதிலும் தென்னை மூட்டுக்குப் போகும். வடித்த கஞ்சி பக்கத்து வீட்டு மாட்டுக்கு. வனஸ்பதி டின் அரிசி அளக்க, அது ஓட்டை விழுந்தால் மல்லிச்செடி வைக்க. அம்மாவின் கிழிந்த சேலை முதலில் தங்கச்சிக்குத் தூளியானது, அப்புறம் அடுப்படிக் கரித்துணியானது, கடைசியில் விளக்குத் திரியாக எரிந்து முடிந்தது. அரிசியிலிருந்து ஊசி நூல் வரை எல்லாமே கப்பலில் வரவேண்டிய தீவில், அந்தக் கப்பலும் பதினைந்து நாளைக்கு ஒன்று வந்தால் அதிர்ஷ்டம் என்றிருந்த நாளில், வேறெப்படி இருக்க முடியும்? ஒரு தடவை மூடி தொலைந்த பாட்டில் ஒன்றை நான் ஓடையில் எறிந்துவிட்டேன். அம்மா என்னைத் தண்ணீரில் இறங்கி எடுத்துவர வைத்தாள்.

"கப்பல்ல வந்த சாமான தூக்கி எறிய எப்பிடிடி மனசு வருது ஒனக்கு?" என்று கேட்டாள். அந்தப் பாட்டில் பிறகு பல வருஷம் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய்ப் பாட்டிலாக இருந்தது.

அம்மாவும் அப்பாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். இந்தியாவுக்குப் போகவேண்டியவர்கள் பட்டியலில் பெயர் வந்ததும் கப்பலேறி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, மறுபடியும் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தார்கள். நான் அம்மா இடுப்பில் வந்தேன். தங்கச்சி ஹட் பேயில் பிறந்தாள். தேயிலைக்குப் பதில் இங்கே எண்ணெய்ப்பனை. மற்றபடி அதே லயத்து வரிசை வீடு, அதே கங்காணி, விடிந்தால் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அதே பழக்கம். கடலை மட்டும் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டால்கூடக் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். அந்த நாற்காலியில் அவர் கடலைப் பார்த்து உட்கார்ந்து நான் கண்டதில்லை.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மழைக்காலத்தைப் பற்றி. எனக்குப் பதினொரு வயது, தங்கச்சிக்கு ஐந்து.

அந்த வருஷம் புதிதாக வெட்டிய காட்டில் நடவு நடந்தது. எண்ணெய்ப்பனை நாற்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் மண் நிரப்பி வளர்ப்பார்கள். தடித்த பை, அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். நாற்று இடுப்பளவு வந்ததும் லாரியில் ஏற்றிக் காட்டுக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பையைக் கத்தியால் கீறி உருவிவிட்டு, மண்கட்டி உடையாமல் நாற்றைக் குழியில் இறக்குவது அம்மாவும் மற்றப் பெண்களும் செய்த வேலை. உருவிய பைகளை ஒரு பள்ளத்தில் போட்டு மூடச் சொல்லியிருந்தார்கள். யாரிடம் சொல்கிறார்கள்? பாட்டிலுக்காகப் பிள்ளையை ஓடையில் இறக்கிய பெண்களிடம். ஆளுக்குப் பத்து, பதினைந்து என்று மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவார்கள். கங்காணி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார், அவர் வீட்டுக்கும் ஒரு கட்டுப் போய்விடும்.

அந்தப் பைகள் வந்ததும் எங்கள் லயத்துக்கே யோகம் அடித்த மாதிரி இருந்தது. ஒழுகுகிற கூரைக்கு அடியில் கட்டினோம். கொழுந்து பறிக்கிற காலத்தில் இடுப்பைச் சுற்றிக் கட்டிய சாக்குக்குப் பதிலாக அம்மா இரண்டு பையைச் சேர்த்துத் தைத்துக் கட்டிக்கொண்டாள். நான் என் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டேன், வகுப்பில் என் புத்தகம் மட்டும் நனையாமல் இருந்தது. தங்கச்சிக்கு அப்பா ஒரு பையைக் குறுக்கே மடித்து மழைக்குல்லாய் செய்து கொடுத்தார். மழை இல்லாத நேரத்திலும் அவள் அதைக் கழற்றமாட்டாள். உள்ளே முகமெல்லாம் வேர்த்து, கிட்டப் போனால் ஈர மண்ணும் ரப்பரும் சேர்ந்த மாதிரி ஒரு வாசம் வரும். இப்போதும் புதுப் பிளாஸ்டிக் வாளியை முகர்ந்தால் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வருகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய உபயோகத்தை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது. ஒரு பையை முறுக்கித் தீக்குச்சியைக் காட்டினால் போதும், எவ்வளவு நனைந்த மட்டையும் பிடித்துக்கொள்ளும்.

அந்த நாளில் ஹட் பேயில் மலேரியா வராத வீடு கிடையாது. அப்பாவுக்கு இரண்டு முறை வந்து ஆளே பாதியாகிப் போயிருந்தார். அதனால் பொழுது சாய்ந்தால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கொசுவுக்குப் புகை போட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் தார் டின்னைப் பாதியாக வெட்டிச் செய்த புகைச்சட்டி இருந்தது. அடியில் தேங்காய் மட்டை, மேலே பச்சை இலை. மழைக்காலத்தில் இதைப் பற்ற வைப்பதற்குள் அம்மாவுக்கு உயிர் போய்விடும். ரேஷன் மண்ணெண்ணெயில் ஒரு சொட்டை அதில் ஊற்ற மனசு வராது. கறுப்புப் பை வந்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. புகை போடுகிற வேலையை அம்மா என்னிடம் விட்டாள். நான் அதைப் பெரிய உத்தியோகமாக எடுத்துக்கொண்டேன்.

தங்கச்சி என் பக்கத்தில் குந்தியிருப்பாள். பையை முறுக்கிக் கம்பில் மாட்டிக் கொளுத்துவேன். அது எரிந்தபடியே உருகிச் சொட்டும். ஒவ்வொரு சொட்டும் விழும்போது 'விய்ங்' என்று ஒரு சத்தம் வரும், கீழே ஈர மண்ணில் பட்டு 'சுர்' என்று அணையும். நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்கு அவள் கைதட்டிச் சிரிப்பாள்.

"இன்னொண்ணு அக்கா. இன்னொண்ணே ஒண்ணு."

அவள் கேட்டு நான் இல்லை என்று சொன்னதில்லை.

நடவு தொடங்கி மூன்று வாரத்தில் தங்கச்சிக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்தது. முதலில் இருமல். அப்புறம் விளக்கு வைக்கிற நேரமானால் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி சத்தம். கழுத்துக் குழி உள்ளே போய்ப் போய் வரும். அப்பா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார். அம்மா நெஞ்சில் சூடாக எண்ணெய் தேய்ப்பாள். கொசு கடித்து மலேரியாவும் வந்துவிடக் கூடாதே என்று பயந்து, எனக்கு இன்னும் ஒரு வேலை சொல்வாள்.

"புகைய இன்னும் கொஞ்சம் நல்லா போடு புள்ள. தங்கச்சி படுத்திருக்கா பாரு."

நான் நன்றாகவே போட்டேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நாங்கள் மாஷி என்று கூப்பிடுவோம். எங்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தது அவர்கள் மாடுதான். அவர் தன் வாசலில் வறட்டியும் வேப்பிலையும் போட்டுத்தான் புகை மூட்டுவார். ஒரு சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"யே காலா துவா மத் கரோ, திதி. பச்சி காஸ்தி ஹை."

இந்தக் கறுப்புப் புகையைப் போடாதே, பிள்ளை இருமுகிறாள் என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா "டீக் ஹை, டீக் ஹை" என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"நமக்குப் பை கெடைக்குது, அவளுக்குக் கெடைக்கல. அந்த வயித்தெரிச்சல்" என்றாள். மறுநாள் ஒரு பரிகாரம் மாதிரி, நல்ல பையாக ஐந்தைப் பொறுக்கி என்னிடம் கொடுத்து மாஷி வீட்டில் கொடுக்கச் சொன்னாள். மாஷி அவற்றை வாங்கித் திண்டாடி, கடைசியில் மாட்டுக் கொட்டகைக் கூரையில் கட்டினார். எரிக்கவில்லை. அதையெல்லாம் நான் பார்த்தேன், ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அப்பாவுக்கோ காரணம் முதல் நாளே தெரிந்துவிட்டது. கடல்காற்று.

"இது நம்ம காத்தில்ல. உப்புக்காத்து. மலைக்காத்துல வளந்த ஒடம்பு நம்மது. பச்சப் புள்ளைக்கி எப்பிடி ஒத்துக்கும்?"

தங்கச்சி பிறந்ததே ஹட் பேயில். மலை என்றால் எப்படி இருக்கும் என்று அவளுக்குப் படத்தில்கூடத் தெரியாது. ஆனால் ஊரை விட்டு வந்தவர்களின் கவலைக்கு யார் கணக்குக் கேட்பது? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, டாக்டர் இல்லாத நேரம், கம்பவுண்டரிடம் அப்பா தானே கேட்டார், "கடக்காத்துதானுங்களே காரணம்?" என்று. கம்பவுண்டர் சிவப்பு மருந்தைப் பாட்டிலில் ஊற்றியபடியே "இருக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அந்த 'இருக்கலாம்' 'ஆமாம்' ஆகிவிட்டது. லயம் முழுக்க அதைச் சொன்னார்கள், எல்லோரும் மலையிலிருந்து வந்தவர்கள்தானே, எல்லோரும் நம்பினார்கள்.

கோத்தகிரியில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. தங்கச்சியைக் கொஞ்ச நாள் அங்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அடுத்த கப்பலுக்கு அப்பா பேர் கொடுத்துவிட்டு வந்தார். அம்மா அன்றைக்கு மட்டும் அடுப்புப் புகையில்லாமலே அழுதாள்.

அந்த நேரத்தில்தான் மழை ஒரு பெரிய ஆட்டம் ஆடியது. காட்டுக்குப் போகிற பாதை அறுத்துக்கொண்டு போய், நாற்று லாரி போக முடியாமல் நடவு நின்றது. அம்மாவைக் களை வெட்டப் போட்டார்கள். வீட்டில் இருந்த பைகள் இரண்டு நாளில் தீர்ந்தன. மறுபடியும் வெறும் மட்டையை ஊத வேண்டியதாயிற்று. பாதி நாள் அது பற்றவே இல்லை, ஆறு மணிக்கே எல்லோரும் கொசுவலைக்குள் புகுந்துகொண்டோம். நாலாவது நாள் தங்கச்சி இருமாமல் தூங்கினாள். ஒரு வாரத்தில் குல்லாயைப் போட்டுக்கொண்டு வாசலில் கோழியைத் துரத்தினாள்.

அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டதன் பலன் என்றாள். அப்பா சிவப்பு மருந்து என்றார். இதற்காக இரண்டு பேரும் சின்னதாகச் சண்டையும் போட்டார்கள், சிரித்துக்கொண்டேதான். கப்பலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்.

"இந்தக் கப்பல விட்டுட்டு அடுத்த கப்பல் பாப்போமா?"

 அம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தங்கச்சி போகமாட்டாள். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. என்னிடம் இருந்த ஒரே சொத்து, கட்டிலுக்கு அடியில் நான் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த பைகள். அதிகம் கிழியாத பைகளாகப் பார்த்து, கழுவி, காயவைத்து, இஸ்திரி போட்ட மாதிரி மடித்து அடுக்கியிருந்தேன். அடுத்த வருஷத்துப் புத்தக அட்டைக்கு. மறுநாள் சாயங்காலம் மழை விட்டுக் கொசு மொய்த்தது, தங்கச்சியின் காலெல்லாம் தடிப்பு. அம்மா உள்ளே சமைத்துக்கொண்டிருந்தாள். நான் அந்த அடுக்கை எடுத்துவந்து தங்கச்சி முன்னால் வைத்தேன். அவள் கண் விரிந்ததை இப்போதும் என்னால் பார்க்க முடிகிறது.

ஒவ்வொன்றாகக் கொளுத்தினேன். விய்ங், சுர். விய்ங், சுர். அவள் என் தோளில் தொத்திக்கொண்டு கன்னத்தைக் கன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணு அக்கா."

மூன்றே மூன்று பை மீந்தபோது அவளுக்கு இருமல் பிடித்தது. அம்மா சட்டியை இறக்கிவிட்டு ஓடி வருவதற்குள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். எனக்கு அப்பாவின் செருப்பு இரண்டும் வாசலிலேயே கிடந்தது ஞாபகம் இருக்கிறது. காலையில் அவளை நல்லபடியாகத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் அம்மாவிடம் சொன்னது ஒரு வாக்கியம்தான்.

"துணிமணிய எடுத்து வையி, இந்தக் கப்பலுக்கே போயிர்றோம்."

துறையில் தங்கச்சி அழவில்லை. கப்பலில் போகிறோம் என்ற பவுசு. கறுப்புக் குல்லாயைப் போட்டுக்கொண்டு அப்பா இடுப்பில் உட்கார்ந்து, என்னைக் கிட்டக் கூப்பிட்டு ரகசியம் சொன்னாள்.

"அக்கா, மிச்சம் மூணு பை இருக்குல்ல. பத்திரமா வச்சிரு. நான் வந்து கொளுத்துவேன்."

வைத்திருந்தேன். தகரப் பெட்டியின் அடியில், என் தாவணிகளுக்குக் கீழே, பிறகு கல்யாணச் சேலைக்கும் கீழே. அப்பா ஒரு மாதம் கழித்துத் தனியாகத் திரும்பி வந்தார். அத்தை கடிதம் போட்டார், பிள்ளைக்கு இங்கே வந்ததிலிருந்து இரைப்பே இல்லை, மலைக்காற்று எப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று. அப்பா அந்தக் கடிதத்தை லயத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். கொஞ்ச நாள் என்பது ஒரு வருஷம் ஆனது. அவளைப் பள்ளியில் சேர்த்தார்கள். அத்தையைப் பிரிக்கவும் மனசு வரவில்லை. அவள் அங்கேயே பெரியவளானாள், அங்கேயே கட்டிக்கொடுத்தார்கள். நான் கல்யாணமாகிப் போர்ட் பிளேருக்கு, கடலோரத்து இந்த மின்னி பே பகுதிக்கு வந்தேன், தகரப் பெட்டியை அம்மா வீட்டிலேயே விட்டுவிட்டு. சுனாமியில் ஹட் பே வீடு போனது. அம்மாவும் அப்பாவும் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தார்கள். தார் டின், நாற்காலி, தகரப் பெட்டி எல்லாம் போயிற்று. பெட்டி இதற்குள் துருப்பிடித்துப் பொடியாகியிருக்கும். அந்த மூன்று பை மட்டும் எங்கேயோ மணலுக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கும்.

அப்பா போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். தங்கச்சி மூன்று, நாலு வருஷத்துக்கு ஒருமுறை வருவாள். வந்தால் பத்து நாள், அதற்கு மேல் ஒரு நாள் தங்கமாட்டாள். கோத்தகிரிக் குளிருக்கு வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை இந்தப் புழுக்கத்திலும் தலையையும் மூக்கையும் சுற்றிக் கட்டியிருப்பாள். விரிகுடா பக்கத்து ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். அப்பாவைப் போலவே கடலுக்கு முதுகு காட்டி உட்காருவாள். சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படிச் சொல்லி வளர்த்தது, கடல்காற்று உன்னைக் கொன்றுவிடும் என்று.

இனி என் பெருமை எப்படிப் போனது என்று சொல்கிறேன். எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டியோடு ஒரு பெண் வருவாள். தெலுங்குக்காரி, இங்கேயே பிறந்தவள், எந்த மொழி கிடைத்தாலும் பேசுவாள். பச்சை டப்பாவில் மக்குகிற குப்பை, நீல டப்பாவில் மக்காத குப்பை என்று கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, ஒரு நாள் என் நீல டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"ஆன்டி, தப்பா எடுக்காதீங்க. தெருவுல எல்லா வீட்டுலயும் பால் கவர் வருது. ஒங்க வீட்டுல மட்டும் எப்பவும் காலி. ஒங்க பிளாஸ்டிக் எல்லாம் எங்க போகுது?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போய் வெந்நீர் அடுப்பைக் காட்டினேன். பக்கத்தில் ஒரு சாக்கு நிறையக் கவர்கள்.

"பாரு. எங்க வீட்டுல ஒண்ணும் வீணாப் போகாது."

அவள் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எங்க சின்னவனுக்கு மூச்சு இரைக்கும் ஆன்டி. பக்கத்துல யாராச்சும் பிளாஸ்டிக் கொளுத்துனா அன்னைக்கி அவன் படுக்கவே மாட்டான், ஒக்காந்தே இருப்பான். நிறுத்திட்டா நாலு நாள்ல நல்லாயிருவான். டாக்டர் அதான் சொன்னாரு, இந்தப் புகை கொழந்த நெஞ்சுக்கு விஷம்னு." சாக்கைக் காட்டிச் சொன்னாள், "என்கிட்ட குடுத்துருங்க. ஆனா கழுவிக் குடுங்க. எறும்பெல்லாம் என் கைல ஏறுது."

அவள் போன பிறகும் நான் அடுப்பு முன்னால் நின்றிருந்தேன். நாலு நாள். பாதை அறுந்த அந்த வாரம். மாஷியின் முந்தானை. கன்னத்தோடு ஒட்டியிருந்த கன்னம். நாற்பது வருஷமாகத் தனித்தனியாகக் கிடந்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் கோத்துக்கொண்டது. உட்கார்ந்து அழுதேன். சர்க்கரை மாத்திரைக்குப் போனபோது டாக்டரம்மாவிடமும் கேட்டேன். இத்தனை வருஷம் கழித்து உறுதியாக எப்படிச் சொல்வது, ஈரமும் பூஞ்சையும்கூட இருந்திருக்கலாம் என்றார். ஆனால் அந்தப் புகையைப் பற்றி அவருக்கும் சந்தேகம் இல்லை. எதையும் வீணாக்காத எங்கள் குடும்பம், வீணாக்கக் கூடாது என்றே ஒரு பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பியிருக்கிறது. சாம்பலையும் கஞ்சியையும் மதித்த மாதிரியே பிளாஸ்டிக்கையும் மதித்துவிட்டோம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எண்பது வயதில் அதைச் சுமக்க அவளால் முடியாது. ஆனால் தங்கச்சியிடம் சொல்லியாக வேண்டும், அதையும் போனில் சொல்ல முடியாது. காத்திருந்தேன். போன மாதம் வந்தாள்.

வந்த நாலாம் நாள் காலையில் நான் பால் கவர்களைக் கழுவிக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். சால்வையைச் சுற்றிக்கொண்டு கொல்லை வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, குப்பைய குளிப்பாட்டிக்கிட்டு இருக்க?"

சொல்லிவிட்டேன். நாற்றுப் பை, புகைச்சட்டி, அப்பா கப்பலை விடலாம் என்று சொன்னது, கட்டிலுக்கு அடியில் நான் வைத்திருந்த அடுக்கு, எல்லாம். "கடக்காத்து இல்லடி. நான்தான்" என்று முடித்தேன். என் கையில் ஒரு கவர் சொட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"விய்ங்னு ஒரு சத்தம் வருமா?" என்று கேட்டாள்.

"வரும்."

"எனக்கு அது ஞாபகம் இருக்குக்கா. எங்க கேட்டேன், எப்பக் கேட்டேன்னு தெரியல. கனான்னு நெனச்சிருந்தேன்." சால்வை நுனியை விரலில் சுற்றினாள். "நான் என்ன நெனச்சேன்னு தெரியுமா? அத்தைக்குப் புள்ள இல்லன்னு என்னைத் தூக்கிக் குடுத்துட்டாங்க, இரைப்புன்னு சும்மா ஒரு சாக்கு சொன்னாங்கன்னு. சின்ன வயசுல இருந்து அதான் நெனச்சேன். அப்பாகிட்ட கேக்கவே இல்ல."

"அப்பா செருப்பக்கூடப் போடாம ஓடுனாருடி."

"அதையும் இப்பத்தான் சொல்ற."

அவள் அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் எழுந்துவந்து என் கையிலிருந்த கவரை வாங்கி உதறிக் கொடியில் மாட்டினாள். மாட்டும்போது சால்வை தோளில் நழுவியது. அதை அவள் திரும்ப இழுத்துக் கட்டவில்லை.

சாயங்காலம் அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள். தங்கச்சி நேராகப் போய் விரிகுடா பக்கத்து ஜன்னலின் கொக்கியை எடுத்து இரண்டு கதவையும் திறந்தாள். காற்று புகுந்து காலண்டர் படபடத்தது. அம்மா தலையைத் தூக்கினாள்.

"பெரியவளே, அந்த ஜன்னல சாத்து. சின்னவளுக்குக் கடக்காத்து ஒத்துக்காது."

பழக்கதோஷத்தில் நான் எழுந்தேன். தங்கச்சி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"ஒத்துக்கும்மா. எனக்கு ஒத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

"என்னமோ போ. சளி புடிச்சா என்னையச் சொல்லாத" என்று அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டாள். தங்கச்சி நாற்காலியை இழுத்து, கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.